பொன்னாடைக் கூறை

அந்தக் கல்யாணத்தைப் பற்றி எழுதியவர்கள் மணமேடையின் உயரத்தை எழுதினார்கள், எத்தனை பந்தி நடந்தது என்று எழுதினார்கள், மணமகளின் சேலையை வடிவமைத்த சென்னை டிசைனரின் பெயரை இரண்டு இடத்தில் எழுதினார்கள், வாழ்த்திப் பேசியவர்களையும், வாழ்த்திப் பேச வந்து மைக் கிடைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களையும்கூட எழுதினார்கள். அந்தச் சேலையைத் தைத்த சம்பூரணத்தை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. தையல்காரியை எழுதும் வழக்கம் கிடையாது. மேடையில் ஒரு பெண் அழகாகத் தெரிந்தால் அது அவள் களை, துணியின் தரம், எடுத்துக் கொடுத்தவரின் ரசனை. ரவிக்கை தோளை விட்டு நழுவினால்தான் தைத்தது யார் என்ற கேள்வியே எழும். சம்பூரணம் தைத்த ரவிக்கை எதுவும் நழுவியதில்லை என்பதால் அவளைப் பற்றி யாரும் கேட்டதுமில்லை.

மணலேரி பேருந்து நிலையத்தின் பின்புறம், ஜெராக்ஸ் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே இருந்த ஒற்றை அறையில் அவள் இருபத்திரண்டு வருடங்களாக ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு மூன்றாம் மாதம், யார் கவலையில் இளைத்துப்போகிறாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுடைய அளவு நாடாவுக்குத் தெரியும். தெரிந்ததை அவள் நாடாவோடு சேர்த்துச் சுருட்டி டப்பாவில் வைத்துவிடுவாள். அவளுடைய கணவன் தணிகாசலம் கட்சிக்குப் பேனர் கட்டுகிறவன். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு பொதுக்கூட்டத்துக்காக, அனுமதி வாங்காத வளைவின் உச்சியில் நின்று அவன் இரும்புச் சட்டத்தை நிமிர்த்தியபோது அது மின்கம்பியில் பட்டது. அன்று சாயங்காலமே மாவட்டச் செயலாளர் வேங்கைமார்பன் பத்திரிகைக்காரர்களிடம், அந்த மனிதர் குடித்துவிட்டு யாரும் சொல்லாமலேயே ஏறியிருக்கிறார் என்று மிகுந்த வருத்தத்துடன் சொன்னார். வேங்கைமார்பனை எண்பது வயதுக்காரர்களும் அண்ணன் என்றுதான் அழைப்பார்கள். அண்ணன் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி. தணிகாசலமோ குடித்தே செத்துப்போன ஒருவரின் மகன், சாராய வாடை வந்தால் தெருவை மாற்றி நடக்கிறவன். ஆனால் மறுநாள் செய்தித்தாளில் அது வந்துவிட்டது, காவல் நிலையப் பதிவில் ஏறிவிட்டது, துக்கத்துக்கு வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு எல்லாம் இந்தக் குடியால் வந்தது என்று தலையசைத்துப் போனார்கள். சம்பூரணம் அவன் படத்துக்குச் சட்டம் போட்டாள், சுவரில் மாட்டவில்லை. மாட்டினால் வருகிறவர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் அந்தச் சொல்லைத்தான் நினைப்பார்கள். படம் துணிப்பெட்டியின் அடியில் கிடந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை அண்ணன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்பதற்காக அந்த வருடம் அண்ணனின் பிறந்தநாளுக்கு அரக்கு நிறத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒரு பொன்னாடையை வாங்கி, அதன் ஓரம் பிரிந்து தொங்கியதைக் கண்டு மனம் கேட்காமல் கையாலேயே நுணுக்கமாக மடித்துத் தைத்து, எடுத்துக்கொண்டு போய் நான்கு மணி நேரம் வரிசையில் நின்றாள். கேட்க வேண்டியதை நூறு முறை சொல்லிப் பார்த்திருந்தாள். அண்ணனின் தோளுக்கு அவள் கை எட்டியபோது போட்டோ வெளிச்சம் அடித்தது, பின்னாலிருந்து ஒரு தொண்டரின் கை முதுகில் பட்டு நகரும்மா நகரும்மா என்று தள்ளியது, அவள் வெயிலுக்கு வந்துவிட்டாள். வாக்கியம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது என்று அவள் நினைத்தாள். அது அங்கே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

மணலேரியில் பொன்னாடைகள் எங்கே போகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அண்ணனின் தோளிலிருந்து உதவியாளரின் கைக்கு, கையிலிருந்து காரின் பின்பக்கத்துக்கு, அங்கிருந்து வீட்டு மாடியில் இருந்த சால்வை அறைக்கு. அறை நிரம்பினால் ஒரு மூட்டை கட்சி அலுவலகத்துக்கு எதிரே இருந்த பொன்னாடைக் கடைக்கே திரும்பிப் போகும்; கடைக்காரர் உதறி மடித்துப் புது உறையில் போட்டு விற்பார்; அதே பொன்னாடை வேறொரு கையில் ஏறி அதே தோளுக்கு வரும். ஊர் இதில் தப்பு எதுவும் காணவில்லை. கோயிலில் உடைக்காத தேங்காய் கடைக்கே சுற்றி வருவதில்லையா என்றார்கள்.

அந்தச் சால்வை அறையில்தான் அண்ணனின் ஒரே மகள் விளையாடி வளர்ந்தாள். பிறந்த நாற்பத்தோராம் நாள் மாநாட்டு மேடையில் கட்சித் தலைவர் அவளைக் கையில் வாங்கி, கனல்மொழி என்று பெயர் வைத்தார். அந்தக் கனல்மொழியை ஏழு வயதில் இன்னொரு மாநாட்டில் நான்கு வரி பேச நிறுத்தியபோது, ஒலிபெருக்கிக்காரர் வயர் அறுந்துவிட்டதோ என்று சரிபார்க்கும் வரைக்கும் அவள் வாய் திறவாமல் நின்றாள். அதற்குப் பிறகு மைக் பக்கமே போகவில்லை. வீட்டிலும் தேவைக்குத்தான் பேசினாள். வளர்ந்து கால்நடை மருத்துவரானாள். அவளுக்கு ஏற்ற வேலை, நோயாளிகளும் பேசமாட்டார்கள் என்று கட்சிக்காரர்கள் அவள் காதில் விழாத தூரத்தில் சிரித்தார்கள். ஊருக்கே அவள் பாப்பா. இருபத்தேழு வயதிலும் பாப்பாதான்.

கல்யாணத்துக்கு அவளுக்கென்று தங்கச் சரிகை இழைத்த பட்டுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது பாப்பா தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினாள்: மாடியில் இருக்கிற சால்வைகளில் துண்டு துண்டாக வெட்டி ஒரு சேலை தைத்துக் கொடுங்கள், அதைத்தான் கட்டுவேன். அவளுடைய அம்மா தனபாக்கியம், கட்சியில் எல்லோருக்கும் அண்ணி, இடிந்துபோய் உட்கார்ந்தார். கல்யாணப் பெண் ஒட்டுப் போட்ட துணி கட்டுவதா, பரதேசிக்குக்கூட அன்றைக்குப் புதுசு கொடுப்பார்களே என்று இரண்டு நாள் அழுதார். அண்ணன் அழவில்லை. தொண்டர்களின் அன்பையே என் மகள் உடுத்துகிறாள் என்ற வரி அவருக்கு அந்த நிமிடமே உதித்துவிட்டது. வால்போஸ்டரில் அது எந்த நிறத்தில் வரவேண்டும் என்பதும் உதித்துவிட்டது. சென்னையிலிருந்து டிசைனர் வந்தார், கம்ப்யூட்டரில் வரைந்தார், அறுநூற்றுப் பன்னிரண்டு சால்வைகள், ஒவ்வொன்றிலும் கையகலத் துண்டு என்று கணக்குச் சொன்னார், போய்விட்டார். தைப்பதற்குச் சம்பூரணத்தை அழைக்கச் சொன்னது அண்ணி. அவள் யாருடைய மனைவி என்பதை அண்ணன் எப்போதோ மறந்துவிட்டிருந்தார், அண்ணி மறக்கவில்லை. தணிகாசலம் செத்த வருடத்திலிருந்து, காரணம் எதுவும் சொல்லாமல், ஆண்டுக்குப் பன்னிரண்டு ரவிக்கைகளை அவளிடம் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி ரவிக்கைகளை அவர் போட்டதே இல்லை.

முதல் நாள், நீலத் துண்டு ஒன்றையும் காவித் துண்டு ஒன்றையும் சேர்த்து மெஷினில் ஓட்டி நூலை அறுத்ததும், நீலத் துண்டு, ஐயா எங்க தெருவுக்கு மூணு வாரமாத் தண்ணி வரல என்றது. ரேடியோவைக் குறைத்து வைத்தது போன்ற குரல். சம்பூரணம் துணியைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். தையல் நேராகத்தான் இருந்தது. காவித் துண்டைத் தொட்டாள். அது, என் பொண்ணுக்கு ஒரு நர்ஸ் வேலை என்றது. தனித்தனியாக அறையில் மடித்துக் கிடந்தவரை அவை வாய் திறக்கவில்லை. ஒன்றோடு ஒன்றைத் தைத்தபிறகு, போர்த்தியவர் போர்த்தும்போது சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனதைச் சொல்லின. அவ்வளவுதான் விஷயம். துணி உடம்பில் இருப்பதை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது தையல்காரிக்குப் புதிதல்ல. அவள் அடுத்த துண்டை எடுத்தாள்.

ஒரு வாரத்தில் சேலை முழம் முழமாக வளர்ந்தது. அசைந்தால் எல்லாம் சேர்ந்து தூரத்து மழை போல முணுமுணுக்கும். ஒரு துண்டின் மேல் விரலை வைத்தால் அது மட்டும் பேசும். ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், பல்வலிக்காரர்கள் கேட்டார்கள், ஊர் கேட்டது. ஊர் வந்தது. அவரவர் போர்த்திய சால்வையின் நிறத்தை நினைவுபடுத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள், இந்த முறை யாரும் யாரையும் தள்ளவில்லை. ஆறாவது வார்டு அஞ்சலாட்சி, செத்துப்போன தன் அப்பாவின் குரலைப் பச்சைத் துண்டு ஒன்றில் கண்டுபிடித்தாள். பெரியாஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அஞ்சலாட்சி தினமும் மதியச் சாப்பாட்டுடன் வந்து, துண்டின் மேல் விரலை வைத்து, பஸ் நிக்குதுப்பா, நீ போன மறு வருஷமே நிறுத்திட்டாங்க என்று சொல்லிப் பார்ப்பாள். துண்டு திரும்பவும் பஸ்ஸையே கேட்கும். அப்பாவுக்கு எப்பவுமே காது மந்தம் என்று அவள் சிரித்துக்கொண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பாள்.

மின்வாரியத்து அதிகாரி ஒருவர் பதினேழு வருடத்துக்கு முந்தைய கோரிக்கையைக் காதால் கேட்டு வெட்கப்பட்டு ஒரு தெருவிளக்குக் கம்பத்தை நட்டார். கேட்டவர்கள் அந்த இடத்தைவிட்டுப் போய் ஒன்பது வருடமாகியிருந்தது, கம்பம் முள்காட்டில் தனியாக நின்று எரிந்தது. கட்சி பகுத்தறிவுக் கட்சியாதலால் அற்புதம் என்று ஒப்புக்கொள்ள வழியில்லை. செயற்குழு அவசரமாகக் கூடி, சேலை பேசுவது அற்புதமன்று, மக்களின் குரல் என்று தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்க்கட்சி, தங்கள் தலைவருக்குப் போர்த்திய சால்வைகளுக்கும் அதே சேலையில் உரிய இடம் ஒதுக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு, இதில் தெய்வக் குற்றம் ஒன்றுமில்லை, அம்மனும் தினம் இத்தனை பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருக்கிறாள் என்றார்.

பாப்பா தினமும் பிற்பகலில், மாட்டாஸ்பத்திரி வேலை முடிந்து, சாணமும் மருந்தும் மணக்க வருவாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துக் கடைசி வரைக்கும் கேட்பாள். பேச மாட்டாள். சம்பூரணமும் பேச மாட்டாள். மெஷின் ஓடும், நிற்கும், ஓடும். பத்தாம் நாள் பாப்பா கேட்டாள்.

“அக்கா, உங்களுது எது?”

“இன்னும் கிடைக்கல பாப்பா.”

கிடைத்துவிட்டிருந்தது. அன்று காலைதான், மூட்டையின் நடுவில், அரக்கில் மஞ்சள் கோடு. நிறத்தை வைத்து அவள் அடையாளம் காணவில்லை, அந்த நிறத்தில் முப்பது இருந்தன. ஓரத்தில் இருந்த தன் கைத்தையலை வைத்துக் கண்டாள். சாயம் போய், உறையில் பலமுறை மடிந்து மடிந்து கோடு விழுந்து, கடைக்கும் தோளுக்குமாக எத்தனை சுற்றுச் சுற்றியதோ, தையல் மட்டும் விடாமல் பிடித்திருந்தது. அவள் அதை வெட்டாமல் தொடையின் அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அண்ணனே வந்தார். ரவிக்கைக் கடைக்குள் ஆண்பிள்ளை எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். சேலை அருமையாக வந்திருக்கிறது என்றார், தலைவர் முன்னிலையில் நடக்கிற கல்யாணம் என்றார், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அமைதியாக இருந்தால் நல்லது என்றார்.

“சத்தம் வராம தைக்க முடியாதாம்மா?”

“உள்ள லைனிங் குடுத்துப் பாத்தேங்க. லைனிங்கும் உங்க வீட்டு சால்வைதான். அதுவும் பேசுது.”

அவர் சேலையை எட்டித் தொட்டார். விரல் பட்ட துண்டு, என் மகனை ஜாமீனில் எடுக்கணும் அண்ணே என்றது. கையை இழுத்துக்கொண்டார். களைத்த முகம், சாயம் வைத்த மீசைக்குக் கீழே வயதான வாய். சம்பூரணம் அந்த வாயைப் பார்த்தாள். கேட்க வேண்டியது தொடைக்கு அடியில் இருந்தது, தள்ளுவதற்கு இந்த முறை யாரும் இல்லை, இருந்தும் அவளுக்குச் சொல் வரவில்லை. கார் கிளம்பிப் போன பிறகு வெகுநேரம் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தாள். பிறகு எழுந்து, அரக்குத் துண்டை ஓரத்தையலோடு சேர்த்துக் கையகலம் வெட்டி, அறுநூற்றுப் பன்னிரண்டாவதாகச் சேலையில் தைத்தாள். தைத்த இடம், சேலை கட்டும்போது இடுப்பில் முதலில் செருகுகிற முனை. அதன் மேல் சேலை ஒரு சுற்றுச் சுற்றும், கொசுவம் விழும், முந்தானை போகும்; யார் காதுக்கும் எட்டாது. அவ்வளவு தைரியம்தான் அவளுக்கு அன்று இருந்தது.

தைத்து முடித்து விரலை வைத்தாள். துண்டு ரேஷன் கார்டு கேட்டது. பிறகு வேறொரு குரலில் பட்டா கேட்டது. கடையிலிருந்து தோளுக்குப் போன ஒவ்வொரு முறையும் ஒருவர் தன்னுடையதை அதில் ஏற்றிவிட்டிருந்தார். எட்டுக் குரல்கள், ஒன்றின் அடியில் ஒன்றாக. எட்டும் பேசி முடித்த பிறகு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, பதினோரு வயது இளையவளான ஒரு சம்பூரணம் பேசினாள். பிற்பகலில் வந்த பாப்பாவும் அந்தத் துண்டில் விரலை வைத்து ஒன்பதையும் கேட்டாள். கேட்டு முடித்து, சம்பூரணத்தின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று காலை சம்பூரணம் ஊக்குகளும் ஊசிநூலும் அடங்கிய டப்பாவுடன் மேடையின் பின்பக்கத் தட்டிக்கு அருகே, தையல்காரிகள் நிற்கும் இடத்தில் நின்றாள். பாப்பா வெளியே வந்தபோது முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஏதோ தவறாக இருந்தது. சேலையைப் பாப்பா முனை மாற்றிக் கட்டியிருந்தாள். டிசைனர் வரைந்த முந்தானை இடுப்புக்குள் செருகப்பட்டு மறைந்திருந்தது. மறைய வேண்டிய முனை இடது தோளின் மேல் கிடந்தது, அரக்கும் மஞ்சளுமாய், ஓரத்தில் ஒரு கைத்தையலோடு. டிசைனர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசைப் பெண்கள், இதுதான் புது மாடல் போலிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பந்தல் முழுக்கப் பாப்பாவோடு சேர்ந்து சேலையின் மழை நடந்து வந்தது. தலைவர் வாழ்த்தினார், மற்றவர்கள் வாழ்த்தினார்கள். பக்கத்து மாவட்டத்துக் கட்சிக்காரரின் மகனான மாப்பிள்ளை இளஞ்சேரன் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தான். தாலிக்கு முன்னால் மணமக்கள் உறுதிமொழி சொல்வது அங்கே முறை. மாப்பிள்ளை சொன்னான். மைக்கைப் பாப்பாவிடம் நீட்டியபோது முன்வரிசையில் சிலர் அனுதாபத்தோடு தரையைப் பார்த்தார்கள். மாநாட்டு மேடையில் அவள் நின்ற நிற்பு ஊருக்கு நினைவிருந்தது. அவள் மைக்கை வாங்கித் தன் இடது தோளுக்குக் கொண்டுபோய், துண்டின் மேல் விரலை வைத்தாள்.

மைதானத்தின் நாற்பது ஒலிபெருக்கிகளிலும் ஒரு ரேஷன் கார்டு கேட்கப்பட்டது. பட்டா கேட்கப்பட்டது. அண்ணன் எழுந்து கையசைத்தார், நேரமாகிறது என்றார், உதவியாளர் மேடைக்கு ஓடினார். பாப்பா விரலை எடுக்கவில்லை. மாப்பிள்ளை அவளைப் பார்த்தான், பிறகு உதவியாளருக்கும் அவளுக்கும் நடுவில் வந்து மாலையோடு நின்றுகொண்டான். அவனைப் பற்றிச் சம்பூரணம் கடைசிவரை நல்லவிதமாக நினைத்ததற்கு அந்த ஓர் அடி போதுமாயிருந்தது. மூன்றாவது குரல், நான்காவது குரல். பந்தியில் பரிமாறியவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். எட்டாவது குரல் ஓய்ந்தது. தட்டிக்குப் பின்னால் சம்பூரணம் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கிகளில் அவளுடைய பழைய குரல் எழுந்தது.

“எங்க வீட்டுக்காரர் தணிகாசலம் அன்னிக்குக் குடிக்கலண்ணே. நீங்க ஏறச் சொன்னீங்க, ஏறினார். குடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. தன் ரவிக்கையின் கைமடிப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பாப்பா மைக்கைத் தோளிலிருந்து வாய்க்குக் கொண்டுவந்தாள். இருபது வருடமாக மேடையில் வராத குரல் வந்தது.

“அப்பா, கேக்கறாங்க இல்ல. பதில் சொல்லுங்க.”

இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசக்கூடிய அந்த மனிதர் மகள் நீட்டிய மைக்கின் முன்னால் குனிந்து தன் வாழ்க்கையின் மிகச் சிறிய உரையை நிகழ்த்தினார். தணிகாசலம் குடிக்கலை என்றார். ஏறச் சொன்னது நான்தான் என்றார். பிறகு, அவர் சம்சாரம் இங்கே இருக்காங்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்று சொல்ல யாரும் முன்னால் வரவில்லை. தட்டிக்குப் பின்னால் சம்பூரணம் முகத்தை முந்தானையால் மூடி அழுதுகொண்டிருந்தாள். பாப்பா மாலையைப் போட்டாள், தாலி ஏறியது. மஞ்சள் அரிசி விழுந்து சேலை முழுவதும் முணுமுணுத்தது. தோளில் இருந்த துண்டின் ஒன்பதாவது குரல் மட்டும் பேசவில்லை, அதற்குப் பிறகு எப்போதும் பேசவில்லை.

மற்றக் குரல்கள் பேசின. பொன்னாடையை வாங்கிக்கொண்டவர் பதில் சொன்னால்தான் அவை ஓயும் என்று ஊர் புரிந்துகொண்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சேலையை விரித்து வைத்துப் பதில் சொல்ல உட்கார்ந்தார். பெரும்பாலும் முடியலை என்றும் மறந்துட்டேன் என்றும்தான் சொன்னார்; அதற்கும் அவை ஓய்ந்தன. ஆஸ்பத்திரி பஸ் நிற்கிறது என்று அவர் சொன்ன நாளில் அஞ்சலாட்சி, அப்பாவின் குரல் ஓய்ந்த துண்டைக் கன்னத்தில் வைத்து அழுதாள், ஏன் அவசரப்பட்டார் என்று அவர்மேல் கோபமும் பட்டாள். தேர்தல் தேதி வரும்வரைக்கும் இருநூற்றுச் சொச்சம் துண்டுகள் முடிந்தன. அந்த வருடம் மணலேரியில் நடந்த கல்யாணங்களில் எல்லாப் பெண்களும் முந்தானையை உள்ளே செருகி உள்முனையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள், ஃபேஷன் என்றார்கள், துணிக்கடைக்காரர்கள் அதற்குத் தோதாக நெய்யச் சொன்னார்கள்.

செய்தித்தாள்கள் ஒலிபெருக்கியில் ஏற்பட்ட சிறு கோளாறு உடனே சரிசெய்யப்பட்டது என்று எழுதின. காவல் நிலையப் பதிவில் குடி என்ற அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. சம்பூரணம் அதை மாற்றச் சொல்லி எழுதவில்லை, ஊரில் மாறியதே அவளுக்குப் போதுமாயிருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் அவள் தணிகாசலத்தின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மெஷினுக்கு நேர் மேலே மாட்டினாள். அண்ணி அதற்குப் பிறகு வருடத்துக்கு நான்கு ரவிக்கைகள்தான் தைக்கக் கொடுத்தார், தனக்குத் தேவையான நான்கு. கொடுக்க வந்தால் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். சம்பூரணம் மேலும் பதின்மூன்று வருடங்கள் அந்த அறையில் தைத்தாள். கட்சியில் சேரவில்லை, மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது கடையை ஒழித்துவிட்டு, படத்தைப் பழைய சேலை ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு செய்யாற்றில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.